தோற்றவர் வெளியே போக வேண்டும்

வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் வந்த பேருந்துக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், பின்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். இறங்கி நடக்கவும் இடமில்லை. அப்போதுதான் அப்பா போன் செய்தார்.

"தேனு, எங்க இருக்க?"

"கேட்ல மாட்டிக்கினேன்பா."

"சகாயம் மாமா போயிட்டாருமா."

மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதனால், "வூட்டுக்கு வந்துட்டாரா?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டேன். போனில் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதில்தான் எனக்குப் புரிந்தது. ரயில் வந்தது, போனது. கேட் திறந்த பிறகும் முன்னால் நின்ற டிராக்டர் கிளம்பவில்லை. அழுவதற்குக்கூட வசதி இல்லாத இடம். பக்கத்து சீட்டு ஆயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரிச்சையில போச்சா கண்ணு?" என்றார்.

கல்லூரி மலரில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சகாயம் மாமா ஓட்டிய கல்லூரிப் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள். எங்கள் ஊர் உறுவையாற்றில் காலையில் அவர் அடிக்கும் ஹாரனைக் கேட்டுத்தான் சில வீடுகளில் உலையே வைப்பார்கள். அத்தனை வருடம் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவர் சொந்த வீட்டு மொட்டை மாடியில் டிஷ் ஆண்டெனாவைத் திருப்பப் போய், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் விழுந்தார். முதுகுத்தண்டு போனது, இரண்டு கால்களும் போயின. வேலை அதற்கு முன்பே போய்விட்டது என்பார் அவர். விழும்போதே தெரிந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு முன்னறைக் கட்டில்தான் அவருக்கு ஊர். கட்டிலுக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே எங்கள் வீட்டுச் சுவர். நான் ஒரு நாள் அந்தச் சுவரில் சாக்பீஸால் 'அடுத்த நிறுத்தம் மதகடிப்பட்டு' என்று பெரிதாக எழுதி வைத்தேன். மறுநாள் அழித்துவிட்டு 'வண்டி பழுது, பயணிகள் இறங்கித் தள்ளவும்' என்று எழுதினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏய் தேளு! எவன் தள்றது, நானா?" என் பெயர் தேன்மொழி. அவர் வாயில் அது தேள்மொழி.

அரசாங்கம் கொடுத்த சக்கர நாற்காலி கதவுக்குப் பின்னால் மடித்தபடியே இருந்தது. அதன்மேல் மாமாவின் மனைவி ஸ்டெல்லா அத்தை துணி காயப் போடுவார். மாமா வாசலுக்குக்கூட வரமாட்டார். "பாக்கறவன் மொதல்ல கால பாப்பான். அப்பறம் மூஞ்சிய பாப்பான். அந்த நடுவுல இருக்கிற ஒரு நிமிசம் எனக்கு ஒத்துக்காது" என்று சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சீட்டுக்கட்டைக் கொண்டு வந்தவர் குமார் அண்ணன். கல், மணல் ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். கொத்தனார் மேஸ்திரியான என் அப்பா, குமார் அண்ணன், மாமா, நான் என்று நாலு பேர். சாயந்தரமானால் கட்டில்மேல் பலகை போட்டு ரம்மி. ரம்மியமான சாயந்தரங்கள் என்று நான் சொன்னதற்கு அப்பா முறைத்தார், மாமா மட்டும் சிரித்தார். ரம்மி தெரியாதவர்களுக்கு ஒரே வரி: கையிலிருக்கிற சீட்டையெல்லாம் வரிசையாகவும் ஒரே எண் சீட்டுகளாகவும் யார் முதலில் சேர்த்து முடிக்கிறாரோ, அவர் 'டிக்' என்று சொல்லிக் கடைசிச் சீட்டைக் கவிழ்க்க வேண்டும். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்பதெல்லாம் அவரவர் தலையில் புள்ளியாக ஏறும். அதிகம் ஏறியவர் தோற்றவர்.

விளையாட்டைவிடச் சண்டைதான் அதிகம் நடக்கும். தீர்ப்பு மாமாவுடையது. நான் அந்த அறைக்கு 'உச்ச சீட்டு மன்றம்' என்று பெயர் வைத்திருந்தேன். குமார் அண்ணன் மேலே கிடக்கும் சீட்டைப் பாதி தூக்குவார், யோசிப்பார், திரும்ப வைப்பார். ஒரு நாள் மாமா சொல்லிவிட்டார்.

"தொட்டா எடுத்துக்கணும் குமாரு."

"இந்த ரூலு எப்ப வந்துச்சிண்ணா?"

"இப்ப தான்."

"அதெப்பிடி? நான் தொட்டப்பறம் ரூலு போடுவியா?"

மாமா தலையாட்டினார். "நீ கேக்கறது நாயம். புது ரூலு எதுவா இருந்தாலும் அடுத்த ஆட்டத்துலருந்து தான். இந்த வாட்டி நீ தப்பிச்ச." அன்றிலிருந்து அதுவும் ஒரு சட்டமானது.

என் அப்பாவின் வியாதி வேறு. ஒரு நல்ல ஆட்டம் ஜெயித்ததும் அவருக்கு வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிடும். "மேஸ்திரி, ஜெயிச்ச கையோட எழுந்து போறது, ஓடற பஸ்லருந்து குதிக்கிற மாதிரி. நிறுத்தம் வரட்டும், உக்காரு" என்பார் மாமா. அப்பா உட்கார்ந்து, ஜெயித்ததையெல்லாம் தோற்று, திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். நான் ஜோக்கர் சீட்டில் குமார் அண்ணனுடைய பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டியபோது அவர் வழக்கை மன்றத்துக்குக் கொண்டுபோனார். "செல்லும். யாரு பாத்தாலும் ஜோக்கருன்னு தெரியுது" என்று தீர்ப்பானது.

மிகப் பெரிய வழக்கு ஸ்டெல்லா அத்தையுடையது. அத்தை காபி கொடுக்க வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். மாமா ஒரு சீட்டைப் போடக் கை தூக்கும்போது, "காபி ஆறுது பாருங்க" என்பார். மாமா கையை இறக்கி வேறு சீட்டைப் போடுவார். இரண்டு மூன்று முறை இது நடந்ததும் என் அப்பா திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, காபி இன்னிக்கி ஆட்டின்ல ஆறுதா, டைமன்ல ஆறுதா?" என்று கேட்டார். அறையே வெடித்துச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அத்தை சொல்வதைத் தான் கேட்டு ஆடியிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. இனிமேல் காபி சமையலறை வாசலிலேயே இருக்கும், வேண்டியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"நீங்க எப்பிடி எழுந்து போவீங்களாம்?" என்றார் அத்தை.

"எனக்கு காபி வேணாம்."

அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் காபி குடித்ததே இல்லை.

பந்தயம் என்று ஒன்று இருந்தது. காசு கிடையாது. தோற்றவர் மறுநாள் மாமா சொல்கிற இடத்துக்குப் போய், மாமா சொல்கிற விஷயத்தைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவருடைய பஸ்ஸை இப்போது யார் ஓட்டுகிறார், வளைவில் கியர் குறைக்கிறாரா. ஏரியில் தண்ணீர் எந்தக் கல்வரைக்கும் நிற்கிறது. நான் ஒருமுறை சோம்பேறித்தனப்பட்டு, மதகடிப்பட்டுக் கூட்டு ரோட்டுக்குப் போகாமலேயே போனதாகச் சொன்னேன். "டீக்கடக்காரரு இன்னும் மப்ளர் கட்டிக்கினு இருக்காரா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். "இந்த வெயில்லயா?" என்றார். மறுநாள் நிஜமாகவே போய்விட்டு வந்தேன்.

இந்தப் பந்தயத்தை ஆரம்பித்த நாளிலேயே மாமா ஒன்று சொன்னார். "எனக்கும் இதே ரூலு தான். நான் தோத்தா நான் போவணும். எங்கன்னு ஜெயிச்சவங்க சொல்லணும்." எப்படிப் போவீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியையும் யாரும் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அத்தை எங்கள் மூவரையும் தனித்தனியாகப் பிடித்தார். என்னைப் பிடித்தது துணி காயப் போடுகிற இடத்தில்.

"தேனு, அவர தோக்க வுடாதீங்கடி."

"ஏன் அத்த?"

"நேத்து கொஞ்சத்துல தப்பிச்சாரு இல்ல? அப்பறம் சோறு எறங்கல அவருக்கு. வெளிய போவணுமேன்னு பயம்டி. வாயில சொல்லமாட்டாரு. நீங்க மூணு பேரும் நெனச்சா முடியாதா?"

முடியும். முடிந்தது. ஏமாற்றி ஜெயிப்பதில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு. ஏமாற்றித் தோற்பது அப்படியில்லை. நல்ல சீட்டு வரும்போது நெஞ்சு திக்கென்கும். சேர்ந்து வருகிற வரிசையைக் கலைத்துப் போட வேண்டும், போட்டுவிட்டு 'ஐயோ' என்று முகம் காட்ட வேண்டும், அதை மாமா நம்புகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாயந்தரமும் அந்த அறைக்குள் போகும்போது யாரோ பின்னால் தாழ்ப்பாள் போட்டது மாதிரி இருக்கும். போகாமலும் இருக்க முடியாது, ஒழுங்காக ஆடவும் முடியாது. மாமா ஜெயித்துக்கொண்டே இருந்தார். எங்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

மாட்டிவிட்டது குமார் அண்ணனுடைய போன். அவசரமாக எடுக்கப் போனவர், கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்க்காமல் அப்படியே பலகைமேல் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்த கை. வரிசை வரிசையாக, கண்காட்சி மாதிரி.

"குமாரு, போன வெச்சிட்டு வா. இது எப்பலருந்து முடிஞ்சி கெடக்கு?"

"பாக்கலண்ணா."

"பாக்கல. மேஸ்திரி, நீ விரி."

அப்பா விரித்தார். இரண்டு ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டிருந்தார்.

"தேளு, நீ?"

நான் விரித்தேன். நான் கலைத்துப் போட்ட வரிசையின் மீதி என் கையிலேயே பல்லிளித்தது. மாமா மூன்று கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"இன்னாடா, இப்பவே எனக்கு காரியம் பண்றீங்களா?" என்றார். குரல் உயரவே இல்லை. "ஜெயிக்கிறதுக்கு ஏமாத்தறவன நாலு திட்டு திட்டலாம். தோக்கறதுக்கு ஏமாத்தறவன நான் இன்னா பண்றது? ஆளே இல்லாத எடத்துல தான்டா இப்பிடி ஆடுவாங்க."

சீட்டையெல்லாம் சேர்த்துக் கட்டி, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பல நாள் ஆட்டம் இல்லை. அத்தை எங்களிடமும் பேச முடியாமல், அவரிடமும் பேச முடியாமல், முறத்தை வைத்துக்கொண்டு சுத்தமான அரிசியிலேயே கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சாயந்தரம் ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "தேளு, உங்கப்பன இட்டுனு வா. குமாரையும்." போனால் பலகை தயாராக இருந்தது. புதுச் சட்டம் ஒன்றும் இருந்தது: ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் சீட்டை விரித்துக் காட்ட வேண்டும், ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரும். "இந்த ரூலு அடுத்த ஆட்டத்துலருந்து. அதாவது இப்பலருந்து" என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் நாலு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒழுங்காக ஆடினோம். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது மாமாவும் அப்பாவும்தான் அதிகமாக, ஏறக்குறைய சமமாகப் புள்ளி ஏற்றியிருந்தார்கள். மாமா முகத்தில் வேர்வை. நான் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்று எடுத்தேன். கிளாவர் ஒன்பது. அதுதான் எனக்கு வேண்டியது. அப்பா என்னைப் பார்க்காமல் பார்த்தார். சமையலறை வாசலில் அத்தை நின்றார்.

டிக் என்றேன். சீட்டைக் கவிழ்த்தேன்.

எல்லோரும் விரித்தோம். அப்பாவிடம் மிச்சம் சொற்பம். மாமாவிடம் ஒரு வரிசைகூடச் சேரவில்லை. மாமா தோற்றிருந்தார்.

"செல்லாது" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"நீ வாயில சொல்லிட்டு அப்பறம் கவுத்த. மொதல்ல கவுத்துட்டுத்தான் சொல்லணும்."

"இந்த ரூலு எப்ப வந்துச்சி?"

குமார் அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வழக்குக்குத் தீர்ப்பு சொன்ன ஆள், ஒரு வாசல்படிக்குப் பயந்து வக்கீலாக மாறியதை எங்களால் பார்க்க முடியவில்லை. விட்டுவிடு என்று அப்பா கண்ணைக் காட்டினார். விட்டிருந்தால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்போம். ஆனால் அவர் கேட்டது அதையா?

"புது ரூலு அடுத்த ஆட்டத்துலருந்து மாமா" என்றேன்.

அவர் பலகைமேல் கிடந்த சீட்டையெல்லாம் சேர்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க போவணும்?"

"கூட்டு ரோடு. காலேஜ் பஸ்ஸெல்லாம் வர்ற நேரத்துக்கு."

"தேள தேள்னு தெரிஞ்சே தான வளத்தேன்" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, நாளைக்கி அந்த நீலச் சட்டைய எடுத்து வெய்" என்றார்.

மறுநாள் குமார் அண்ணனுடைய லோடு வண்டியில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினோம். மாமா பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தார். வழியெல்லாம், "குமாரு, பிரேக்க மிதி, தேய்க்காத" என்று கத்திக்கொண்டே வந்தார். கூட்டு ரோட்டில் இறக்கியதும் கத்தல் நின்றது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். காலைப் பார்த்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யோவ் சகாயம்! பழைய மாரியே சக்கர தூக்கலா தான?" என்றார். அப்புறம் அவருடைய பஸ் வந்தது. புது டிரைவர் கை காட்டினார். மாமா அவரை அருகில் கூப்பிட்டு, கிளட்ச்சைப் பற்றி ஏதோ திட்டினார். அந்த டிரைவர் பையன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

வீடு திரும்பியதும் மற்றவர்களைப் போலவே அவரும் பார்த்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா? ஜெயித்தவள் நான். கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னார்: "பாத்தாங்கடி. கால தான் மொதல்ல பாத்தாங்க. நான் சொன்ன மாரியே ஒரு நிமிசம் இருந்திச்சி. அப்பறம் சக்கர எவ்ளோன்னு கேட்டாங்க." தலையணையைச் சரித்து வைத்துக்கொண்டார். "இதுக்கா நான் இத்தினி நாளு உள்ள கெடந்தேன்?"

அதன் பிறகு அவருக்கு வெளியே போக ஆசை வந்துவிட்டது. ஆனால் சனியன், நல்ல சீட்டாகவே வந்தது. தோற்கவே வழியில்லை. சும்மா கிளம்பி வாயேன் என்று அப்பா எவ்வளவோ சொன்னார். "சும்மா வந்தா அது உங்க தயவு. தோத்து வந்தா அது ரூலு" என்று மறுத்துவிட்டார். வேண்டுமென்றே தோற்கவும் மாட்டார். கையில் முடிந்த சீட்டை வைத்துக்கொண்டு, "தோ பார்றா, திரும்பவும் ஜெயிச்சிட்டேன், கெட்ட நேரம்" என்று அவர் டிக் சொன்னதையெல்லாம் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறகு மழைக்காலம் வந்தது. காய்ச்சல் வந்தது. சிறுநீரகத்தில் தொற்று என்றார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மறுபடி தோற்கவே இல்லை.

துக்க வீட்டில் உறவுக்காரர்கள் பேசியது உங்களில் சிலர் காதிலும் விழுந்திருக்கும். மூட்டை மாதிரி வண்டியில் ஏற்றி ஊர் சுற்றினார்களாம், அதில் வந்த வினையாம். ஒரு சின்னப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியவில்லையாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்பா எல்லோரிடமும் சொன்னார். அத்தையோ எங்கள் சுவரைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் திரும்பி ஏதாவது சொல்லியிருப்பேன். சாத்திய ஜன்னலிடம் என்ன சொல்வது? காலையில் பல் தேய்க்கும்போதும், சாயந்தரம் துணி எடுக்கும்போதும் அந்தச் சாத்திய ஜன்னல் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. செய்தது சரி என்று நினைத்தால் அத்தை முகம் வரும். தப்பு என்று நினைத்தால் மாமா முகம் வரும்.

மாமா போய் ஒரு மாதமானதற்குச் சர்ச்சில் வைத்த மாதப் பூசை முடிந்து சில நாள் கழித்து அந்த ஜன்னல் திறந்தது. "மேஸ்திரிண்ணா, ஆட வரீங்களா? அவளையும் இட்டுனு வாங்க" என்றார் அத்தை.

போனோம். குமார் அண்ணனும் வந்தார். அத்தை கட்டிலில் மாமா இடத்தில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அத்தனை காலம் பார்த்தவருக்கு விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாதி ஆட்டத்தில், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னிக்கி அவரு நெஜமா தோத்தாரா? இல்ல, நீங்க ஏதாச்சும் பேசி வெச்சிக்கினு பண்ணீங்களா?"

"நெஜமா தான் அத்த. அவரு சீட்ட விரிச்சாரு. நீங்களும் பாத்தீங்க. ஒண்ணுமே சேரல."

"ம்" என்றார். ஒரு சீட்டைப் போட்டார். அது எனக்கு வேண்டிய சீட்டு. என் கை முடிந்துவிட்டது. அத்தைதான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் புள்ளி ஏற்றியிருந்தார். அப்பா அன்றைக்குப் போலவே கண்ணைக் காட்டினார். வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைத் தோற்கடிக்க யாருக்கு வாய் வரும்?

"டிக்" என்றேன்.

அத்தை என் சீட்டைப் பார்த்தார். தன் சீட்டைத் தானே விரித்தார். "அடிப்பாவி" என்றார். கண் நிறைந்திருந்தது. அப்புறம் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு, எங்க போவணும் நானு?" என்றார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில் அத்தையின் அம்மா வீடு இருக்கிறது. மாமா விழுந்த நாளிலிருந்து அத்தை அங்கே போகவில்லை. கட்டிலில் அடைபட்டிருந்தவரை எல்லோரும் பார்த்தோம். அதே அறையில் அதே காலமெல்லாம் நின்றபடியே அடைபட்டிருந்தவரை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதைச் சொன்னேன்.

"அங்க போயி இன்னாத்தடி பாக்கறது?"

"உங்கம்மா எப்பிடி இருக்காங்கன்னு. ரெண்டு நாளு தங்கி பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்."

சகாயம் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: எதிரே இருப்பவர் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், கை முடிந்துவிட்டால் அதைச் சொல்லிவிடுவது. சொல்வது எளிதாக இல்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா என்று இனிக் கேட்க முடியாது.

அத்தை காலையில் பாகூர் பஸ் ஏறினார். ஏறும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்து, "வந்து ஆடறேன்டி, இரு உனக்கு" என்றார்.